எடை இறங்கிய பின் வந்த கல்: மலையகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண், அதன் பின் எட்டாம் மாதத்தில், பித்தம் குடலுக்கு வடியும் குழாயான பித்தக்கானில் கல் அடைத்து, கிருமித் தொற்று உடலெங்கும் பரவும் நிலையில் எங்கள் வைத்தியசாலைக்கு வந்தார். எடை மிக வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் சேரலாம் என்பது இந்தத் துறையிலுள்ள நிபுணர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைத் தெரிந்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், வலியோடு இருப்பவர் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். அவருக்கு நடந்தது இந்தத் தூரத்தால் நடந்தது என்பது என் கருத்து. அதனால்தான் ஆரம்பத்திலிருந்து எழுதிவைக்கிறேன்.

நான் அந்த வார்டில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை.

## பின்னணி

வயது 43. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டில் இருக்கிறார்கள். பிரதான பாதையிலிருந்து வீட்டுக்குப் படிக்கட்டில் ஏறிப் போகவேண்டும். தாயும் கூட இருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி.

சத்திரசிகிச்சைக்கு முன் எடை 108 கிலோ, உயரம் 155 சென்ரிமீற்றர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) 45. ஏழு வருடமாகச் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி. சீனிக்கு இரண்டு வகை மாத்திரையை முழு அளவில் எடுத்தும், கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1இல் நின்றது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.4. மலையகத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை புதிதல்ல. ஆனால் இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எடை குறைப்புச் சத்திரசிகிச்சையை அழகுக்காகச் செய்வது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1991இலிருந்து இருந்த சர்வதேச வரையறை, சுட்டி 40ஐத் தாண்டியவர்களுக்கும், வேறு நோயுடன் 35ஐத் தாண்டியவர்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. 2022இல் அது திருத்தப்பட்டது. இப்போது 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். கட்டுப்படாத நீரிழிவு இருந்தால் 30இலேயே யோசிக்கலாம். ஆசியர்களுக்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே வரும். நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதுதான் காரணம். எப்படிப் பார்த்தாலும் இவருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பத்து வருடம் சோற்றைக் குறைத்து, காலையில் நடந்து, இறங்கிய ஆறு கிலோவும் திரும்ப ஏறி, அதன் பிறகே இந்த முடிவுக்கு வந்திருந்தார்.

செலவைக் கத்தாரில் வேலை செய்யும் தம்பி ஏற்றுக்கொண்டார். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை.

## முதல் சத்திரசிகிச்சை: எது, ஏன்

பரவலாகச் செய்யப்படுவது இரண்டு முறை. ஒன்று ஸ்லீவ். இரைப்பையின் வெளிப்பக்கத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி அகற்றி, மீதியை ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். உணவு போகும் வழி மாறுவதில்லை. வாய், இரைப்பை, முன்சிறுகுடல் என்று பழைய ஒழுங்கிலேயே போகும். வெட்டிய பகுதியைத் திரும்பப் பொருத்த முடியாது. மற்றது பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் சிறிய பை ஒன்றை மட்டும் பிரித்து, அதை முன்சிறுகுடலைத் தாண்டிய சிறுகுடல் பகுதியோடு நேராக இணைப்பார்கள். மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. நீரிழிவுக்கும் நெஞ்செரிவுக்கும் பைபாஸ் கூடுதலாக உதவும். பதிலுக்கு இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவை உறிஞ்சப்படுவது குறையும். வாழ்நாள் முழுக்க மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

இவருக்கு ஸ்லீவ் செய்தார்கள். ஏற்கெனவே இரத்தச்சோகை இருந்ததும், வீடு தூரத்தில் இருந்ததால் அடிக்கடி பரிசோதனைக்கு வருவது சிரமம் என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நியாயமான முடிவு. எட்டு மாதத்தின் பின் இதே முடிவு வேறொரு வழியில் அவருக்குக் கைகொடுத்தது.

முன்கூட்டியே செய்த ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருக்கவில்லை. இதைக் குறித்துவைப்பது அவசியம். கல் இருந்து வலியும் இருந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்வதைப் பற்றி யோசித்திருப்பார்கள். கல்லே இல்லாத பித்தப்பையை முன்னெச்சரிக்கைக்காக அகற்றும் வழக்கம் இப்போது பொதுவாக இல்லை. ஆகவே பித்தப்பையை விட்டுவைத்தது சரிதான். ஆனால் தாய்க்குப் பித்தப்பைக் கல் இருந்த விபரம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. குடும்பத்தில் கல் இருந்தால் அடுத்தவருக்கும் வர வாய்ப்புக் கூடும்.

## முதல் ஆறு மாதங்கள்

எடை நன்றாக இறங்கியது. முதல் மூன்று மாதத்தில் 24 கிலோ, ஆறு மாத முடிவில் 33 கிலோ. சீனி மாத்திரை ஒன்றை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம்.

உள்ளே நடந்தது வேறு. உடல் தன் கொழுப்பைக் கரைக்கும்போது அதிலிருந்து வரும் கொலஸ்திரோலின் ஒரு பகுதியை ஈரல் பித்தத்தில் கலந்து வெளியேற்றுகிறது. அதனால் பித்தம் தடிக்கிறது. இன்னொரு பக்கம், சாப்பாடு குறைந்து அதில் எண்ணெயும் குறைந்துவிட்டதால், பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைப் பிழிந்துவிடும் வேலையும் குறைகிறது. தடித்த பித்தம் அசையாமல் கிடந்தால் கல்லாகும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. இவருக்கு முதல் மூன்று மாதமும் அதைவிட வேகமாகவே இறங்கியது. பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இதைத் தடுக்க ஊர்சோடீஒக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரையை ஆறு மாதம் கொடுப்பதுண்டு. பித்தத்தில் கொலஸ்திரோலின் செறிவைக் குறைக்கும். கல் வருவதை முழுதாகத் தடுக்காது, ஆனால் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கும். இவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொழும்பில் வாங்கி வந்தது இரண்டு மாதத்தில் முடிந்தது. ஹட்டனில் கேட்ட பாமசிகளில் இருக்கவில்லை. விலையும் அதிகம். விற்றமினைத் தவறாமல் வாங்கினார். இதையும் இரைப்பைக்கான இன்னொரு மாத்திரை என்றுதான் நினைத்தார். இரைப்பையில் ஒரு உபாதையும் இல்லாததால் விட்டுவிட்டார்.

மூன்றாம் மாத கிளினிக்குக்குக் கொழும்பு போய்வந்தார். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்கும் பஸ், சின்ன இரைப்பையோடு ஒருநாள் பயணம், பாடசாலையில் லீவு. ஆறாம் மாத கிளினிக்குக்குப் போகவில்லை. நன்றாக இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதையில் நானும் போகிறவள்.

## வலி தொடங்கியது

ஏழாம் மாதத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழா. ஒரு வடை, கொஞ்சம் பாயாசம், அவ்வளவுதான் சாப்பிட்டார். இரவு பத்து மணியளவில் நெஞ்சுக்குழியில் வலி பிடித்தது. மெதுவாக வலப்பக்கம் போய், முதுகில் வலத் தோள்பட்டைக்குக் கீழ் குத்தியது. படுக்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. சத்தி எடுத்தார். மூன்று மணித்தியாலத்தில் தானாகவே விட்டது.

பித்தப்பை வலி என்றால் இப்படித்தான் இருக்கும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின், பெரும்பாலும் இரவில், வலது மேல்வயிற்றிலோ நெஞ்சுக்குழியிலோ தொடங்கி, முதுகுக்கும் தோளுக்கும் பரவி, அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நின்று, பிறகு போய்விடும். விட்டுவிட்டு இழுக்கும் குடல் வலி வேறு. புளித்த ஏப்பத்தோடு எரியும் வலி வேறு. ஆனால் நம் பக்கத்தில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வலித்தாலும் பெயர் ஒன்றுதான்: கேஸ் (வாயு). இஞ்சி அவித்துக் கொடுத்தார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரைப்பை ஒபரேஷன் செய்தவர் என்றதும் எல்லோருடைய யோசனையும் இரைப்பையோடு நின்றுவிட்டது.

வலி இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது, அடுத்த வாரமும் வந்தது. பக்கத்து வீட்டில் முழங்காலுக்கு வைத்திருந்த டைக்ளோபெனக் மாத்திரையைக் கொடுத்தார்கள். இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் டைக்ளோபெனக், இபுபுரோபன் வகை வலிமாத்திரைகளைத் தவிர்க்கவேண்டும். புண் உண்டாகி இரத்தம் கசியலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சரியாகச் சொன்னவர் ஒருவர்தான்: தாய். அவருக்கு 1991இல் கண்டியில் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். "இது கேஸ் இல்ல புள்ள. எனக்கு வந்த அதே வலி. இந்தப் பக்கந்தான் முதுகுல குத்துற மாதிரி இருக்கும், தெரியுமா?" என்று தன் வலது தோளைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். மகளோ, கொழும்பில் ஸ்கேன் பண்ணியபோது கல் இல்லை என்று சொன்னார்களே என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த ஸ்கேன் 33 கிலோ இறங்குவதற்கு முந்தியது.

## வார்டுக்கு வந்த இரவு

எட்டாம் மாதம். ஐந்து நாளாகச் சாப்பாடு தங்கவில்லை. சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனது. விடியற்காலை வாசல் வெளிச்சத்தில் மகளின் கண் வெள்ளையைப் பார்த்த தாய்தான் மஞ்சள் ஏறியிருப்பதைக் கண்டார். அன்று மாலை குளிர்காய்ச்சல் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மூத்த மகள் 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தாள். சுவசெரிய வண்டி பிரதான பாதை வரை வந்தது. வீட்டிலிருந்து பாதை வரை, மழையில், பக்கத்து வீட்டு ஆண்கள் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள்.

வரும்போது காய்ச்சல் 39.2 பாகை, நாடித்துடிப்பு 118, இரத்த அழுத்தம் 100/60. கண்ணும் தோலும் மஞ்சள். வலது விலாவுக்குக் கீழ் தொட்டால் வலி. காய்ச்சல், மஞ்சள், வலப்பக்க வலி மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக்கானில் அடைப்பும் கிருமித்தொற்றும் இருப்பதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். இதை விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சில மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் விழலாம்.

தொற்றைக் காட்டும் வெள்ளணு 17,800. மஞ்சளைக் காட்டும் பிலிருபின் 6.8. இரண்டும் அதிகம். சதையி (கணையம்) அழற்சியைக் காட்டும் அமிலேஸ் சாதாரணமாக இருந்தது. அது ஒரு ஆறுதல். ஸ்கேனில் பித்தப்பை நிறையச் சிறு கற்கள். பொதுப் பித்தக்கான் 11 மில்லிமீற்றருக்கு விரிந்திருந்தது; கானுக்குள் கல் தெரியவில்லை. அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் பித்தப்பைக் கல்லை மிக நன்றாகக் காட்டும். கானின் கீழ்முனையைக் குடலிலுள்ள காற்று மறைத்துவிடும். எனவே கல் தெரியாததால் கல் இல்லை என்று சொல்லமுடியாது.

இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுத்த கையோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சேலைனும் ஏற்றினோம். அன்றிரவு கடமையிலிருந்த மூத்த வைத்தியர் செய்த ஒன்றை எல்லாத் தாதியருக்கும் சொல்ல விரும்புகிறேன். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (விற்றமின் பி1) ஊசியைப் போடச் சொன்னார். இரைப்பையைச் சிறிதாக்கியவர்கள் நாட்கணக்கில் சத்தி எடுத்தால் உடலில் பி1 தீர்ந்துவிடும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் போனால் மூளை பாதிக்கப்படலாம்: தடுமாற்றம், கண் அசைவு குழம்புதல், நினைவிழப்பு. சில ரூபாய்க்கு வரும் ஊசி. தாமதித்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

## எந்த ஒபரேஷன்?

அடைப்பை எடுக்கவேண்டும். அதற்கு வழி ஈ.ஆர்.சி.பி.: வாய் வழியாகக் கெமராக் குழாயை இறக்கி, இரைப்பையைக் கடந்து, முன்சிறுகுடலில் பித்தக்கான் திறக்கும் வாயைச் சற்று வெட்டிப் பெரிதாக்கி, கல்லை இழுத்தெடுப்பது. எங்களிடம் அந்த வசதி இல்லை, கண்டிக்கு அனுப்பவேண்டும். தொலைபேசியில் கண்டி வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்லீவா, பைபாஸா?"

பைபாஸ் என்றால் அந்தக் குழாய் வழக்கமான வழியில் முன்சிறுகுடலுக்குப் போய்ச்சேர முடியாது. வயிற்றில் துளையிட்டு, ஒதுக்கிவைத்த பழைய இரைப்பை வழியாகக் குழாயை நுழைக்கவேண்டும். அல்லது ஈரலுக்கூடாக ஊசி போட்டுப் பித்தத்தை வெளியே வடிக்கவேண்டும். அதற்கு வேறு ஆட்கள், வேறு ஆயத்தம், சிலவேளை வேறு வைத்தியசாலை. ஸ்லீவ் என்றால் வழி திறந்தே இருக்கிறது.

நோயாளி காய்ச்சலில் அரை மயக்கம். "இரப்பையச் சின்னதாக்கினாங்க, மிஸ்" என்றார். அதற்கு மேல் தெரியவில்லை. வயிற்றில் ஐந்து சிறிய தழும்புகள். இரண்டு முறைக்கும் தழும்பு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். கணவரைக் கேட்டேன். கொழும்பில் தந்த நோய் நிர்ணய அட்டை கொழும்பை அடுத்த வத்தளையிலுள்ள நாத்தனார் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ஆறாம் மாத கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

இரவு பதினொன்றரைக்கு நாத்தனாரை எழுப்பினோம். அலுமாரிக்குள் தேடி, அட்டையை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார். முதல் படம் மங்கல். இரண்டாவது படத்தில், மடிப்பு விழுந்த இடத்துக்குக் கீழே, வைத்தியரின் கையெழுத்தில் ஸ்லீவ் என்ற சொல் தெரிந்தது. கண்டிக்கு அந்தப் படத்தையே அனுப்பிவைத்தோம். விடிவதற்குள் அம்பியூலன்ஸ் கிளம்பியது.

அட்டை கிடைக்காதிருந்தால் கண்டியில் ஸ்கேன் செய்து கண்டுபிடித்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் 118இல் நாடி ஓடும் ஒருவருக்கு அந்த நேரம் செலவில்லாமல் கிடைப்பதல்ல.

## கண்டியிலிருந்து திரும்பியது

அடுத்த நாள் ஈ.ஆர்.சி.பி. செய்தார்கள். கானிலிருந்து மூன்று சிறு கற்களும் சேறு போன்ற பித்தமும் வந்தன. பித்தம் தடையில்லாமல் வடிய ஸ்டென்ட் எனப்படும் ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இந்தச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சதையி வீங்கும். இவருக்கு அப்படி எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள், பித்தப்பையை இங்கேயே அகற்றலாம் என்ற குறிப்போடு.

வலி இல்லை, மஞ்சள் இறங்குகிறது, பசிக்கிறது. வீட்டார் கேட்டார்கள்: கல்லைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னொரு ஒபரேஷன் எதற்கு? மூத்த மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "இப்ப வீட்டுக்குப் போயிட்டு, பரீட்சை முடிஞ்சதும் வாறோம் மிஸ்" என்றார் கணவர். ஊரில் ஒருவர் கல்லைக் கரைக்கும் கசாயம் இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

நியாயமான கேள்வி. அதனால் சத்திரசிகிச்சை நிபுணர் அவசரப்படாமல் உட்கார்ந்து, காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். எடுத்தது கானுக்கு இறங்கிய மூன்று கல்லை. கற்கள் உண்டான பை உள்ளேதான் இருக்கிறது, நிறையக் கல்லோடு. அடுத்த கல் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. இறங்கும்போது சதையியின் வாயை அடைத்தால் இதைவிட மோசமான நிலை வரலாம். கானில் கல் எடுத்தவர்களுக்கு அதே அனுமதியிலோ இரண்டு வாரத்துக்குள்ளோ பித்தப்பையை எடுப்பதைச் சிறந்ததாகக் கருதுவது இதனால்தான். பித்தப்பையிலுள்ள கல்லைக் கசாயத்தால் கரைத்து வெளியேற்றியதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. பித்தப்பை இல்லாமல் வாழலாம். ஈரலிலிருந்து பித்தம் நேராகக் குடலுக்கு வடியும்.

இவ்வளவு சொல்லியும் குடும்பம் யோசித்தது. முடிவை மாற்றியவர் தாய். மறுநாள் வரும்போது சேலைத் தலைப்பில் முடிந்து ஒரு பழைய பென்சிலின் போத்தல் கொண்டுவந்தார். 1991இல் அவர் வயிற்றிலிருந்து எடுத்த கற்கள், கடலைப் பருப்பு அளவில், ஏழெட்டு, பழுப்பேறி உலர்ந்து கிடந்தன. மருமகனின் கையில் வைத்தார். "நானும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகணும், போகாட்டி அன்னக்கி பேர் (நாள் சம்பளம்) போயிரும்னு ரெண்டு வருசம் இழுத்தடிச்சேன். கடைசியில செத்துப் பொழச்சேன்." மாலையில் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது.

## இரண்டாவது சத்திரசிகிச்சை

தாயின் வயிற்றில் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. பன்னிரண்டு நாள் வார்டில் இருந்ததாகச் சொன்னார். பேர்லினில் லாங்கன்புக் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதிலிருந்து நூறு வருடத்துக்கு மேலாக அந்த ஒரு வழிதான் இருந்தது. 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே சிறு துளைகளால் அகற்றிக் காட்டினார். தாய்க்குச் செய்தது பழைய முறை. மகளுக்குப் புதியது.

தொப்புளருகிலும் மேல்வயிற்றிலுமாக நான்கு துளைகள். இரண்டை ஸ்லீவ் தழும்பிலேயே போட்டார்கள். வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பவைத்து இடம் உண்டாக்கினார்கள். முந்தைய சத்திரசிகிச்சையால் ஈரலின் கீழ்ப்பக்கத்தில் கொழுப்புத் திரை ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்க நேரம் எடுத்தது. பித்தப்பைக்குப் போகும் கானும் இரத்தநாடியும் மட்டுமே மிஞ்சித் தெளிவாகத் தெரியும்வரை எதையும் வெட்டக்கூடாது என்பது 1995இல் வகுக்கப்பட்டு, இப்போது உலகெங்கும் கற்பிக்கப்படும் விதி. இந்தச் சத்திரசிகிச்சையின் மிகப்பெரிய ஆபத்து பொதுப் பித்தக்கானைத் தவறுதலாக வெட்டிவிடுவது. அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பல வருட வேதனை. அப்படித் தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தோம். அப்படி மாறினால் அதைத் தோல்வி என்று எண்ணக்கூடாது. பத்திரமான முடிவு அது. இவருக்குத் தேவைப்படவில்லை.

அன்று மாலையே எழுந்து நடந்தார். வலது தோளில் வலி என்று பயந்தார், பழைய வலி திரும்பிவிட்டதோ என்று. உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. இரண்டு நாளில் போனது. வலிக்குப் பரசிற்றமோல்தான் கொடுத்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

## பின் நடந்தவை

வீட்டுக்குப் போகும்போது நான் அழுத்திச் சொன்னது ஸ்டென்டைப் பற்றி. உள்ளே வைத்த பிளாஸ்டிக் குழாயை மறந்துவிட்டால் சில மாதத்தில் அதுவே அடைத்துக் காய்ச்சலும் மஞ்சளும் திரும்ப வரும். எடுக்கவேண்டிய திகதியை அட்டையில் எழுதியதோடு மகளின் தொலைபேசியிலும் குறித்துவைக்கச் செய்தேன். ஆறாம் வாரத்தில் கண்டிக்குப் போய் எடுத்துவிட்டு வந்து, வார்டுக்கு வந்து சொல்லிவிட்டும் போனார்.

சில வாரம் வயிறு இளகிப் போனது. பித்தப்பை எடுத்தவர்களில் சிலருக்கு இருப்பதுதான், குறைந்துவிட்டது. மூன்று வாரத்தில் பாடசாலைக்குத் திரும்பினார். மகள் பரீட்சை எழுதினாள்.

பதினான்காம் மாதத்தில் எடை 69 கிலோ. ஒரு சீனி மாத்திரையோடு எச்பிஏ1சி 6.2. பிரஷர் மாத்திரை பாதியாகக் குறைந்தது. எல்லாமே சுகம் என்றும் எழுதிவிட முடியாது. இரவில் நெஞ்செரிவு தொடங்கியிருக்கிறது. ஸ்லீவ் செய்தவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. பி12 குறைந்து ஊசி போடவேண்டி வந்தது. இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர்ந்து எடுத்த பிறகே ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது. "இவ்வளவு கஷ்டம் வரும்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பீங்களா, டீச்சர்?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "செஞ்சிருப்பேன். ஆனா அந்த மாத்திரைய விட்டிருக்க மாட்டேன்."

## எதை மாற்ற வேண்டும்

இவருக்கு ஸ்லீவ் செய்தது பிழை என்று யாராவது இதை வாசித்து முடிவெடுத்தால் நான் வருத்தப்படுவேன். 45இல் இருந்த சுட்டி, 9.1இல் இருந்த சீனி, இரண்டும் அவருடைய சிறுநீரகத்தையும் கண்ணையும் தின்றுகொண்டிருந்தன. என் கேள்வி வேறு. மலையகத்தில் வாழும் ஒருவருக்குக் கொழும்பில் இந்தச் சத்திரசிகிச்சை செய்யும்போது, அடுத்த இரண்டு வருடத்துக்கு அவரை யார் பார்ப்பது என்பதையும் அன்றே முடிவு செய்யவேண்டும். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு ஒரு கடிதம் போதும். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இங்கேயே இலவசமாகச் செய்யலாம்; கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. ஆறாம் மாதத்தில் ஒரு ஸ்கேன் செய்திருந்தால் கல் கானுக்கு இறங்கும் முன் தெரிந்திருக்கலாம். குறைந்தபட்சம் முதல் வலியோடாவது செய்திருக்கவேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரிகளில் பணியாற்றுபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எடை வேகமாக இறங்கிய ஒருவர், அது ஒபரேஷனாலோ பட்டினியாலோ பிள்ளைப்பேற்றின் பின்னாலோ எதனாலாகட்டும், சாப்பிட்ட பின் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும் மேல்வயிற்று வலியோடு இரண்டாவது தடவை வந்தால், கேஸ் மருந்து கொடுத்து அனுப்பாமல் ஸ்கேனுக்கு எழுதுங்கள். மஞ்சளோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே அனுப்புங்கள். வயதான தாய் "எனக்கு வந்த வலி" என்று சொன்னால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். அது நோய் வரலாறு.

இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஒரு சிறிய அட்டையைப் பணப்பையில் வைத்திருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அதில் எந்த முறை, எந்தத் திகதி, டைக்ளோபெனக் வகை மாத்திரை கொடுக்கக்கூடாது, சத்தி இருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் கொடுக்கவேண்டும், இவ்வளவு இருந்தால் போதும். அட்டையைப் படம் பிடித்து வீட்டில் இரண்டு பேரின் தொலைபேசியிலாவது வையுங்கள். எங்கள் வார்டில் வயிற்றில் சிறு தழும்புகளோடு வருபவர்களிடம் எந்த ஒபரேஷன் என்று இப்போது அனுமதியின்போதே கேட்டு, படுக்கை அட்டையின் மேற்பகுதியில் எழுதுகிறோம். தெரியாது என்றால் அப்போதே வீட்டுக்கு அழைத்துக் கேட்கிறோம்.

ஆறு மாத மாத்திரை விடயம் இன்னும் தீரவில்லை. எழுதிக் கொடுப்பவர்கள் முழு ஆறு மாதத்துக்கும் எழுதிக் கொடுத்து, எதற்காக என்றும் சொல்லி, ஊரில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தும் அனுப்பினால் நல்லது. ஹட்டனில் ஒரு பாமசிக்காரர், சீட்டை ஒரு வாரத்துக்கு முன் காட்டினால் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். டீச்சருக்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வந்த இன்னொரு பெண்ணுக்கு அப்படித்தான் வாங்குகிறோம். அவருக்கு இது நான்காவது மாதம்.